வாசலில் தொடங்கும் ஏரி: மினசோட்டாவின் ‘அடாப்ட்-எ-டிரெயின்’ சேவை பற்றி ஒரு மதிப்புரை

மினசோட்டாவுக்குக் குடிவரும் எவருக்கும் முதலில் சொல்லப்படுவது, இது பத்தாயிரம் ஏரிகளின் மாநிலம் என்பதுதான். 10 ஏக்கருக்குக் குறையாத ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 வருகிறது. அவற்றுள் நகரத்தை ஒட்டிய பல ஏரிகள் கோடையின் பிற்பகுதியில் பச்சை நிறக் கூழாக மாறுவதும், குழந்தைகளையும் நாய்களையும் தண்ணீரில் இறக்க வேண்டாம் என்று கரையில் எச்சரிக்கைப் பலகை நிற்பதும் இங்கே சில கோடைகளைக் கழித்தவர்களுக்குத்தான் தெரியவரும். அந்த ஏரிகளுக்காகச் சாதாரண குடும்பம் ஒன்று தன் வாசலிலேயே செய்யக்கூடிய பணியை ஒழுங்குபடுத்தித் தரும் இலவசச் சேவைதான் ‘அடாப்ட்-எ-டிரெயின்’, அதாவது ‘ஒரு வடிகாலைத் தத்தெடுங்கள்’. செயின்ட் பால் நகரிலுள்ள ஹாம்லின் பல்கலைக்கழகம் இதை நடத்துகிறது. நகராட்சிகளும் நீர்பிடிப்புப் பகுதி நிர்வாகங்களும் உடன் நிற்கின்றன. இரட்டை நகரங்கள் என்று அழைக்கப்படும் மினியாபொலிஸ், செயின்ட் பால் வட்டாரத்தில் வேர்விட்ட இது, இன்று மாநிலத்தின் வேறு ஊர்களுக்கும் பரவியிருக்கிறது. எங்கள் தெருமுனை வடிகாலை இதில் பதிந்து பராமரித்து வருபவன் என்ற முறையில், இச்சேவை எதைச் சாதிக்கிறது, எதைச் சாதிக்க இயலாது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

செய்ய வேண்டியது மிகவும் எளிது. இணையதளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் சுற்றுவட்டாரத்திலுள்ள மழைநீர் வடிகால்கள் புள்ளிகளாக வரைபடத்தில் தெரியும். எவரும் எடுத்துக்கொள்ளாத ஒன்றைத் தேர்ந்து, அதற்கு ஒரு பெயரும் சூட்டலாம். நான் ‘மடை’ என்று வைத்தேன். வாசல் புல்வெளியில் நட்டு வைக்க ஒரு சிறிய பலகையும் தருகிறார்கள். அதன் பிறகு மாதத்துக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம், வடிகாலின் இரும்புக் கிராதியின் மேலும் அதைச் சுற்றியும் சேர்ந்திருக்கும் இலை, மண், குப்பை ஆகியவற்றை அப்புறப்படுத்த வேண்டும். அள்ளியது ஏறத்தாழ எத்தனை பவுண்டு, அதில் பெரும்பகுதி எது என்பதைத் தளத்தில் பதிய வேண்டும். துடைப்பம், இலை வாரி, முறம், கையுறை, ஒரு வாளி ஆகியவை போதும். கிராதியைத் தூக்கக் கூடாது, உள்ளே கைவிடக் கூடாது, வண்டிகள் வரும் திசையை எப்போதும் கவனிக்க வேண்டும் என்ற பாதுகாப்பு விதிகள் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றன.

இவ்வளவு சிறிய வேலைக்கும் ஏரிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் பலர். வீட்டுக் கழிவுநீர் செல்லும் குழாய் வேறு, தெரு மழைநீர் செல்லும் குழாய் வேறு என்பதை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. தெருவோர வடிகாலில் விழும் நீரோ, பெரும்பாலான இடங்களில் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல், அருகிலுள்ள ஏரிக்கோ ஓடைக்கோ மிசிசிப்பி ஆற்றுக்கோ நேராகப் போய்ச் சேருகிறது. கூரையிலும் முற்றத்திலும் கார் நிறுத்துமிடத்திலும் விழுந்த மழை, வழியில் கிடந்த அனைத்தையும் வாரிக்கொண்டு அந்தக் கிராதிக்குள் இறங்குகிறது. நம் ஊர்க் கண்மாயைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: வரத்துக்கால் எப்படியோ ஏரி அப்படித்தான். இங்கே வரத்துக்கால் தெருவுக்கு அடியில் மறைந்திருப்பதால் எவர் கண்ணுக்கும் படுவதில்லை.

ஏரியைக் கெடுப்பதில் முதலிடம் பாஸ்பரஸுக்கு உண்டு. இது வெறும் ஊகமன்று. மினசோட்டாவின் வடக்கு எல்லைக்கு அப்பால், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் உள்ளன. அங்கே 226 என்ற எண் கொண்ட ஏரியை 1973இல் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் ஒரு திரையால் இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் கார்பனையும் நைட்ரஜனையும் இட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்து இட்டார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி முழுவதும் பச்சையாகிவிட, மற்றப் பாதி தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுக்கப்பட்ட அந்த ஒற்றை நிழற்படம், பாஸ்பேட் கலந்த சலவைத் தூள்களுக்கு எதிராக அரசுகள் விதி வகுத்த காலத்தில் எந்த அறிக்கையையும் விட உரக்கப் பேசியது. ஒரு பவுண்டு பாஸ்பரஸ் 500 பவுண்டு வரை பாசியை வளர்க்கும் என்று இங்குள்ள ஏரிப் பாதுகாப்பு அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொல்வதன் பின்னணி இதுதான். அந்தப் பாசி மடிந்து அடியில் அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் தவிக்கின்றன. நீலப்பச்சைப் பாசி வகைகளில் சில நஞ்சையும் உமிழ்கின்றன. அந்த நீரைக் குடித்த நாய்கள் இறந்துபோன நிகழ்வுகள் இம்மாநிலத்தில் உண்டு.

பாஸ்பரஸ் என்றதும் எல்லோரும் உர மூட்டையைத்தான் நினைக்கிறார்கள். நகரத்துத் தெருவில் அதற்குச் சற்றும் குறையாத குற்றவாளி உதிர்ந்த இலை. காட்டில் விழும் இலை மண்ணில் மக்கி மரத்துக்கே உணவாகத் திரும்பிவிடும். தார்ச்சாலையில் விழும் இலைக்கு அந்தப் போக்கிடம் இல்லை. சாலையோரத்தில் தேங்கிய நீரில் அது ஊறும்போது, வெந்நீரில் போட்ட தேயிலையைப் போலத் தன் சாற்றை விட்டுவிடுகிறது. கரைந்த பாஸ்பரஸ் அந்தச் சாற்றோடு வடிகாலில் இறங்குகிறது. அண்டை மாநிலமான விஸ்கான்சினில், மேடிசன் நகரத்து இரண்டு குடியிருப்புப் பகுதிகளை அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் வில்லியம் செல்பிக் ஒப்பிட்டு, 2016இல் வெளியிட்ட முடிவு இங்கே முக்கியம். மழை வருமுன் தெருவிலிருந்து இலைகளை முறையாக அகற்றிய பகுதியில், இலையுதிர் காலத்து வடிநீரில் மொத்தப் பாஸ்பரஸ் 84 சதவீதமும் கரைந்த பாஸ்பரஸ் 83 சதவீதமும் குறைந்தன. இலைகளை அகற்றாமல் விட்டால் ஆண்டு முழுவதும் வெளியேறும் பாஸ்பரஸில் 56 சதவீதம் இலையுதிர் காலத்திலேயே போய்விடும் என்றும், அகற்றினால் அது 16 சதவீதமாக அடங்கும் என்றும் அவர் கணக்கிட்டார். கோடிக்கணக்கான டாலர் செலவில் கட்டப்படும் வடிகட்டித் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு துடைப்பத்தின் மதிப்பு எவ்வளவு என்பதை இந்த எண்கள் சொல்லும்.

மேடிசனில் அந்த இலைகளை அகற்றியவர்கள் நகராட்சிப் பணியாளர்களும் ஆய்வுக் குழுவினரும் ஆவர். அவர்கள் தெரு முழுவதையும், மழைக்கு முன்பாகவே, திரும்பத் திரும்பப் பெருக்கினார்கள். ஒரு தன்னார்வலர் தன் கிராதியைச் சுற்றிக் கால் மணி நேரம் பெருக்குவதற்கு அதே 84 சதவீதத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆனால் அந்த ஆய்விலிருந்து இச்சேவையின் பயனாளர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் காலம் பற்றியது. மாதத்துக்கு இருமுறை என்ற பொது விதி நினைவில் வைத்துக்கொள்ள எளிதே தவிர, இலையின் போக்கு அப்படிப்பட்டதன்று. அக்டோபரில் மேப்பிளும் ஆஷும் கொட்டத் தொடங்கும்போது வானிலை அறிவிப்பைப் பார்த்து, மழைக்கு முந்தின நாள் மாலையில் பெருக்குவது ஒன்றே முழுப்பலன் தரும். மழை பெய்து முடிந்த மறுநாள் பெருக்கினால் சாறு போய்ச் சக்கைதான் கையில் மிஞ்சும். அதேபோல் மே மாதத்தில் எல்ம், மேப்பிள் மரங்களின் விதைகளும் பூக்களும் சாலையோரத்தில் பழுப்பு நிறத்தில் வரிவரியாகக் குவியும். அவற்றிலும் பாஸ்பரஸ் உண்டு. ஆனால் ‘இலை’ என்ற சொல்லையே கேட்டுப் பழகியவர்கள் அவற்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கோடையின் நடுவில் இரண்டு முறை தவறினாலும் பரவாயில்லை, இந்த வாரங்களில் தவறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அருகில் குனிந்து பார்த்தால் ஒரு கிராதி சொல்லும் செய்திகள் அதிகம். மேலே காய்ந்த, நிறம் மாறாத இலைகள் இருக்கும். வாரியால் அவற்றை இழுத்ததும் அடியில் ஒன்றோடொன்று ஒட்டிய ஈர அடுக்கு பாய்போலச் சுருண்டு வரும். அதற்கும் கீழே, இலை என்று அடையாளம் காணவே முடியாதபடி கறுத்த ஒரு சேறு, சல்லிமணலோடு கலந்து கிடக்கும். அந்த மணல் குளிர்காலத்தில் சறுக்காமல் இருக்கச் சாலையில் தூவப்பட்டது. ஓக் மரத்துக் கொட்டைகளின் தொப்பிகள், சிகரெட் துண்டுகள், உறிஞ்சு குழல்கள், ஹாலோவீனுக்கு மறுநாளானால் மிட்டாய் உறைகள் எல்லாம் அதில் அகப்படும். கடைசிக் கைப்பிடியை அள்ளியவுடன் தேங்கி நின்ற நீர் உறிஞ்சும் ஓசையோடு கம்பிகளுக்கிடையே இறங்கும். இலைகளை மக்கு உரக் குழிக்கோ நகராட்சியின் இலைச் சேகரிப்புக்கோ அனுப்பலாம். சேறும் மணலும் குப்பையும் குப்பைத் தொட்டிக்குத்தான் போக வேண்டும், ஏனென்றால் சாலை மண்ணில் வண்டி எண்ணெயும் உலோகத் துகள்களும் கலந்திருக்கும். வாளியைத் தூக்கும்போது தெரியும் எடையை வைத்துத்தான் பவுண்டுக் கணக்கை மதிப்பிடுகிறோம். ஈர இலைக்கும் உலர்ந்த இலைக்கும் உள்ள எடை வேறுபாடு மிகப் பெரியது என்பதால், தளத்தில் சேரும் மொத்த எடையைத் துல்லியமான அளவாகக் கொள்ளாமல், மக்கள் உழைப்பின் அடையாளமாகக் கொள்வதே பொருத்தம்.

நகராட்சி தெருப்பெருக்கி வண்டி வைத்திருக்கும்போது நாம் ஏன் குனிய வேண்டும் என்ற கேள்வியில் நியாயம் உண்டு. வண்டி ஆண்டில் சில தடவைதான் வரும். நிறுத்தி வைத்த கார்களின் அடியில் அதன் தூரிகை எட்டாது. மழை எப்போது வரும் என்று பார்த்து ஒவ்வொரு தெருவுக்கும் அதை அனுப்ப எந்த நகராட்சியாலும் முடியாது. சட்டத்துக்கும் இதே வரம்பு உண்டு. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம் தொழிற்சாலைக் குழாய்களின் முனையில் நின்று கழிவைப் பிடித்தது. 1987இல் வந்த திருத்தம் நகர மழைநீர் வடிகால்களையும் உரிம வரையறைக்குள் கொண்டு வந்தது. பொதுமக்களுக்கு எடுத்துரைப்பதும் அவர்களைப் பங்கேற்கச் செய்வதும் அந்த உரிமங்களின் வழியே நகராட்சிகளின் கடமையாயின. நகராட்சிகள் இத்தகைய சேவைக்கு ஆதரவளிப்பதன் பின்னணியில் இந்தக் கடமையும் இருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான வாசல்களிலிருந்து சிறுகச் சிறுகக் கசிவதை எந்த ஆய்வாளரும் வாசல்தோறும் நின்று தடுக்க முடியாது. அந்தந்த வாசலில் இருப்பவரால்தான் முடியும்.

தமிழ்நாட்டுக் குடிமராமத்து முறையைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு பழகியதாகவே தோன்றும். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. அங்கே வரத்துக்காலைத் தூர்வார வந்தவருக்கு அந்த நீரில் விளையும் நெல் இருந்தது. இங்கே துடைப்பம் எடுப்பவருக்கு அப்படி உடனடி ஆதாயம் எதுவும் இல்லை. கிராதி அடைபட்டால் தெருமுனையில் தண்ணீர் நிற்கும், அவ்வளவே. அந்த இடைவெளியை இச்சேவை நிரப்பும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ‘ஏரியைக் காப்போம்’ என்ற பொதுவான வேண்டுகோளுக்குப் பதிலாக, வரைபடத்தில் ஒரு புள்ளியை உங்கள் பெயரில் எழுதி வைத்துவிடுகிறது. எல்லாருக்கும் பொதுவான ஏரிக்கு ஆளில்லாமல் போகலாம்; பெயர் வைத்த வடிகாலை விட்டுவிட மனம் வராது. புல்வெளியில் நிற்கும் பலகையும் சும்மா நிற்பதில்லை. நாயோடு நடக்க வருபவர்கள் நின்று படிக்கிறார்கள், இது எங்கே போகிறது என்று கேட்கிறார்கள், ஏரிக்கு என்று பதில் சொன்னால் வியக்கிறார்கள். எதிர்வீட்டு முதியவர், புல் வெட்டும் இயந்திரம் தெருவை நோக்கி வீசிய துணுக்குகளைத் தானே பெருக்கி மீண்டும் புல்வெளியில் போடத் தொடங்கியது எந்தத் துண்டுப் பிரசுரத்தாலும் நடந்ததன்று.

இனி, இச்சேவையால் ஆகாதவை. கிராதியின் மேல் தங்குவதை மட்டுமே துடைப்பம் பிடிக்கும்; நீரில் கரைந்தது அதன் கைக்கு அகப்படாது. செயின்ட் பால் நகரைச் சேர்ந்த ஏழு சிறு நீர்பிடிப்புப் பகுதிகளை மினசோட்டா பல்கலைக்கழகத்தின் சாரா ஹாபியும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரை, அப்பகுதிகளுக்குள் வந்து சேரும் பாஸ்பரஸில் 76 சதவீதம் வரை செல்லப் பிராணிகளின் கழிவிலிருந்து வருவதாகக் கண்டது. நாயின் கழிவை அந்தந்த நேரத்தில் பையில் எடுக்காத வீட்டார், வாசலில் பலகையை நட்டு மாதம் இருமுறை வடிகாலைப் பெருக்குவதால் ஏரிக்கு இலாபம் குறைவுதான். அதே கட்டுரை, நைட்ரஜனில் பெரும்பங்கு புல்வெளி உரத்திலிருந்து வருவதாகவும் சொல்கிறது. உரத்தில் பாஸ்பரஸ் சிறு பங்காக இருப்பதற்கு ஒரு சட்டம் காரணம். 2002இல் இயற்றப்பட்டு, 2005 முதல் மாநிலம் முழுவதும் நடைமுறையில் இருக்கும் மினசோட்டாவின் புல்வெளி உரச் சட்டப்படி, புதிதாகப் புல் விதைக்கும்போதோ, மண் பரிசோதனையில் தேவை என்று தெரிந்தாலோ தவிர, வீட்டுப் புல்வெளிக்குப் பாஸ்பரஸ் உரம் இடக் கூடாது. நாட்டிலேயே ஒரு மாநிலம் முழுவதற்கும் இப்படி வந்த முதல் சட்டம் இது. கடையில் உர மூட்டையின் மேலிருக்கும் மூன்று எண்களில் பாஸ்பரஸைக் குறிக்கும் நடு எண் பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். நடைபாதையிலும் தெருவிலும் சிந்திய உரத்தைப் பெருக்கி எடுப்பதும் சட்டப்படி கடமை.

உப்பின் கதை இன்னும் கவலைக்குரியது. குளிர்காலத்தில் பனியை உருக்கத் தூவும் உப்பில் ஒரு தேக்கரண்டி, 5 காலன் தண்ணீரை, அதாவது ஏறக்குறைய 19 லிட்டரை, நன்னீர் உயிர்களுக்கு ஆகாததாக்கிவிடும் என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு முகமை சொல்கிறது. பாஸ்பரஸையாவது படிகாரம் இட்டு ஏரியின் அடியில் கட்டிப்போட வழி இருக்கிறது. செயின்ட் பால் நகரின் கோமோ ஏரியில் 2020இல் அதைத்தான் செய்தார்கள். உப்பிலிருந்து நீரில் கரைந்த குளோரைடைப் பிரித்தெடுக்க நடைமுறைக்கு ஏற்ற வழி எதுவும் இல்லை. இரட்டை நகரப் பகுதியில் தூவப்படும் உப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு, அப்பகுதியின் ஏரிகளிலும் நிலத்தடி நீரிலுமே தங்கிவிடுவதாக மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே பனிக்காலத்தில் வடிகாலைக் கவனிப்பவர் செய்ய வேண்டிய பெரிய காரியம் வடிகாலில் இல்லை, தன் நடைபாதையில் இருக்கிறது: முதலில் பனியை முழுமையாக வழித்தெடுத்துவிட்டு, 12 அவுன்ஸ் கோப்பை ஒன்றுக்கு மேல் உப்பைத் தூவாமல் இருக்க வேண்டும். அந்த அளவு 20 அடி நீளக் கார்ப் பாதைக்கோ பத்து நடைபாதைக் கட்டங்களுக்கோ போதும். 15 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே சாதாரண உப்பு வேலையே செய்யாது என்பதால், கடுங்குளிர் நாளில் மணல்தான் தூவ வேண்டும். பனி போன பிறகு காய்ந்து கிடக்கும் உப்பைக் கூட்டி எடுத்து மறுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். இச்சேவையின் பொறுப்பாளர்கள் பதிவு செய்தவர்களுக்கு இலைக்குத் தரும் அதே அழுத்தத்தை உப்புக்கும் தர வேண்டும் என்பது என் வேண்டுகோள். வடிகாலைத் தத்தெடுத்த ஒருவர் ஏற்கெனவே கேட்கத் தயாராக இருப்பவர், அவரிடம் சொல்வது எளிது.

சேவை முழுவதும் தன்னார்வத்தின் மேல் நிற்பது மற்றொரு வரம்பு. சொந்த வீடும், ஓய்வு நேரமும், மரங்கள் அடர்ந்த அமைதியான தெருவும் உள்ள பகுதிகளில் பெயர்கள் விரைவாக நிரம்புவதும், வாடகைக் குடியிருப்புகளும் வணிக வளாகங்களின் பெரிய கார் நிறுத்துமிடங்களும் உள்ள பகுதிகளில் புள்ளிகள் ஆளின்றிக் கிடப்பதும் இப்படிப்பட்ட எந்த ஏற்பாட்டிலும் எதிர்பார்க்கக்கூடியதே. அதை நகராட்சித் தெருப்பெருக்கி வண்டியின் பயண அட்டவணையோடு சேர்த்துப் பார்த்து, ஆளில்லாத தெருக்களுக்கு வண்டியை அடிக்கடி அனுப்பினால் இரண்டுமே பலன் தரும்.

இவ்வளவு வரம்புகளையும் அறிந்தே, மினசோட்டாவில் வாழும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும் இச்சேவையை நான் முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். சொந்த வீடு வேண்டியதில்லை. அடுக்ககத்தில் வாடகைக்கு இருப்பவர்களும் தெருமுனை வடிகாலைப் பதியலாம். பிள்ளைகளைக் கூட அழைத்துச் செல்லலாம், ஆனால் அவர்கள் நடைபாதைப் பக்கமே நின்று வாளியைப் பிடிக்கட்டும். தெருப்பக்கம் பெரியவர்கள் நிற்க வேண்டும். வளைவுகளிலும் வேகமாக வண்டி செல்லும் சாலைகளிலும் உள்ள வடிகாலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பெரிய மரங்களுக்குக் கீழே, சரிவின் அடியில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் அதே கால் மணி நேரத்தில் அதிக இலையைத் தடுக்கலாம். செப்டம்பர் முதல் வாரத்திலேயே பதிவை முடித்து, துடைப்பத்தையும் வாரியையும் கார்க் கொட்டகையில் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டால், அக்டோபரின் முதல் மழை அறிவிப்பு வரும்போது நீங்கள் தயாராக இருப்பீர்கள்.